பழைய ஹைலக்ஸ் கெப்பின் கிளச்சை வீட்டிலேயே மாற்றலாமா?

கந்தப்பளை மரக்கறித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106 டபுள் கெப். 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின், ஐந்து கியர், முன் சில்லுகளில் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் உள்ளவை. கரட், லீக்ஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும்போது, ஏற்றத்தில் நான்காம் கியரில் எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டியோ அதற்கேற்ப நகர்வதில்லை. மேலே வந்து நிறுத்தினால் கருகிய வாடை வருகிறது. கிளச் தேய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கராஜில் கேட்ட கூலி, கிளச் செட்டின் விலையைவிட அதிகமாக இருக்கிறது. வண்டியை எப்போது திருப்பித் தருவார்கள் என்பதற்கும் உறுதியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை, 2025இல் மீண்டும் திறந்த பின்னரும் எங்களைப் போன்றவர்கள் எட்டிப்பிடிக்கும் அளவுக்கு இறங்கவில்லை. ஆகவே இந்த வண்டியையே காப்பாற்றியாக வேண்டும். மரக்கறி கழுவும் சீமெந்துத் தரை ஒன்று சமமாக இருக்கிறது. ஒரு ட்ரொலி ஜெக்கும் ஓரளவு ஸ்பெனர்களும் இருக்கின்றன, மச்சானும் உதவிக்கு வருவார். எஞ்சினின் டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப் எல்லாம் நானே மாற்றியவன், ஆனால் கியர்பொக்ஸை இறக்கிய அனுபவம் இல்லை. இந்த வேலையை வீட்டில் செய்ய முடியுமா? உதிரிப்பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவதற்குமுன் என்னென்ன பொருட்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

பண்டாரவளைப் பட்டறை எழுதியது:

தம்பி, செய்ய முடியும். ஆனால் கியர்பொக்ஸை இறக்குவதற்குமுன், கோளாறு உண்மையிலேயே கிளச் பிளேட்டில்தான் இருக்கிறதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலையில் தீரக்கூடிய கோளாறுக்கு முழுக் கியர்பொக்ஸையும் இறக்கி, புதுப் பிளேட்டைப் போட்டு, அதே கோளாறோடு திரும்பிப் போன வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு தொடங்குவதற்குமுன் 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை தளர்வாக அசைய வேண்டும். அந்தத் தளர்வு அறவே இல்லையென்றால், நீங்கள் காலை எடுத்த பின்னரும் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் ஒயிலில் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைத்து, கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அரைகுறையாகத் திறந்தே வைத்திருக்கக்கூடும்; அப்போது புதுப் பிளேட்டும் வழுக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் திரும்பிப் போகும் சிறு துவாரம் அடைபட்டாலும் இதே நிலைதான். யாராவது அவசரத்துக்குக் கிளச்சுக்குரிய பிரேக் ஒயில் டேங்கில் எஞ்சின் ஒயிலை ஊற்றியிருந்தால், ரப்பர்கள் ஊதிப்போய் அந்தத் துவாரத்தை மூடிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வழுக்கிக்கொண்டிருக்கும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியர்பொக்ஸ் பக்கத்தில் கிளச்சைத் திறக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் காற்றுப்போக்கும் நிப்பிளைச் சற்றுத் திறந்து மூடுங்கள். அதன்பின் கிளச் பிடித்துக்கொண்டால், குற்றம் ஒயில் பகுதியில்தான். கியர்பொக்ஸைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது, கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அதில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் ஈரமாக வந்தால், எந்த ஒயில் என்று பாருங்கள். கரிக்கறுப்பாக இருந்தால் எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல். தேன் நிறத்தில், கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர்பொக்ஸின் முன்பக்க ஒயில் சீல். பிளேட் தேயாமல் ஒயிலில் நனைந்தே வழுக்குவதும் உண்டு.

சத்தத்தையும் கவனியுங்கள். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது கேட்டு, பெடலை மிதித்ததும் நின்றுபோகும் சத்தம், எஞ்சினிலிருந்து சுழற்சியை வாங்கும் கியர்பொக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்து வருவது. மிதிக்கும்போது மட்டும் கேட்பது பெரும்பாலும் பிரஷர் பிளேட்டைத் திறக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்து, கியரையும் போட்டு நிற்கும்போது மெல்லக் கீச்சிட்டால் இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் எஞ்சினும் இன்புட் ஷாஃப்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும் நேரத்தில்தான் அந்தப் பேரிங்குக்கு வேலையே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரிப் பனிக்காலையில் கியர் இறுக்கமாக விழுவதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அது குளிரில் தடித்துப்போன கியர் ஒயிலின் குணம்.

கந்தப்பளை மரக்கறித்தோட்டம் எழுதியது:

நன்றி அண்ணன். நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். பெடலின் தளர்வு சரியாகவே இருக்கிறது. நிப்பிளைத் திறந்து மூடிய பின்னரும் வழுக்கல் மாறவில்லை. சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, மூன்றாம் கியரில் மெதுவாகக் காலை எடுத்தபோது எஞ்சின் நின்றுபோகாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பெல் ஹவுசிங் துவாரத்தில் விரலை விட்டால் கறுப்பு ஒயில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நாற்றம் டீசல் எஞ்சின் ஒயில்தான்.

பண்டாரவளைப் பட்டறை எழுதியது:

அப்படியானால் இறக்கத்தான் வேண்டும். மூன்றாம் கியர்ச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான பிளைவீல் சூடேறுகிறது.

வாங்க வேண்டியவை: கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல், கியர்பொக்ஸின் முன்பக்க ஒயில் சீல், ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் செட், கியர் ஒயில், டொட் 3 பிரேக் ஒயில். கியர்பொக்ஸ் சீலில் இப்போது கசிவு இல்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள். ஒரு சீலின் விலை அற்பம், ஆனால் அது நாளைக்குக் கசிந்தால் இதே வேலையை முழுமையாக மீண்டும் செய்ய வேண்டும். கியர்பொக்ஸ் கீழே இருக்கும்போது கைக்கு எட்டுவது எல்லாம் மாற்றப்பட வேண்டும் என்பதே என் கணக்கு.

கடையில் வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இந்த உடம்பில் 2எல், 3எல் என்று வெவ்வேறு எஞ்சின்கள் வந்தன. நம் நாட்டில் எஞ்சின் மாற்றப்பட்ட வண்டிகளும் ஏராளம். எஞ்சின் இலக்கத்தைக் கொண்டுபோங்கள். வசதிப்பட்டால் கியர்பொக்ஸை இறக்கிய பிறகு, பழைய பிளேட்டையே கையில் எடுத்துப்போய் விட்டத்தையும் நடுவில் உள்ள பற்களையும் ஒப்பிட்டு வாங்குவது இன்னும் உத்தமம். அட்டைப்பெட்டியில் அச்சடித்த ஜப்பான் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பிளேட்டின் ரிவெட், ஸ்பிரிங், வார்ப்பின் விளிம்பு ஆகியவற்றைப் பார்த்தால் வேலைப்பாடு தெரிந்துவிடும்.

அட்டன் லேண்ட்ரோவர் எழுதியது:

இந்த இழையைப் பார்க்கும் லேண்ட்ரோவர்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோட்டங்களில் இன்னும் பழைய சீரீஸ் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹைலக்ஸில் ஹேண்ட்பிரேக் பின் சில்லுகளைப் பிடிக்கிறது. லேண்ட்ரோவர் சீரீஸ் வண்டிகளிலும் டிஃபெண்டரிலும் ஹேண்ட்பிரேக் டிரம், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்புறத்தில் இருக்கிறது. அது பிடிப்பது பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டை. அந்த ஷாஃப்டைக் கழற்றிய கணத்திலிருந்து வண்டிக்கு ஹேண்ட்பிரேக் என்ற ஒன்றே கிடையாது. கியரில் போட்டு வைத்தாலும் பயனில்லை. எங்கள் ஊரில் சமதரை என்று நாம் சொல்லும் இடமே ஒரு பக்கம் சரிந்துதான் கிடக்கும். ஆகவே நான்கு சில்லுகளுக்கும் இரு பக்கமும் கட்டை கொடுக்காமல் அந்த நான்கு நட்டுகளில் கை வைக்கக் கூடாது. ஹைலக்ஸிலும் ஷாஃப்டைக் கழற்றினால் கியரின் பிடி போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்; ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

மற்றபடி, சீரீஸ் வண்டியில் கியர்பொக்ஸ் கீழே இறங்குவதில்லை, மேலே ஏறுகிறது. ஆசனங்கள், தரைத்தகடுகள், ஆசனப்பெட்டி எல்லாவற்றையும் கழற்றி, கதவு வழியாகச் செயின் புளொக்கால் வெளியே எடுக்க வேண்டும். துருப்பிடித்த தரைத்தகட்டுப் போல்ட்டுகளோடு மல்லுக்கட்டுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஆனால் முதுகில் படுத்து வேலை செய்ய வேண்டியதில்லை என்பதால், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

பண்டாரவளைப் பட்டறை எழுதியது:

அட்டன் அண்ணன் சொன்னது மிகச் சரி. தாங்கு கட்டைகள் பற்றி ஒரு சொல். புளொக் கல்லை வண்டிக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். அது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஜெக் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள், அல்லது பழைய ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சில்லுகளுக்கு முட்டுக் கொடுக்க டர்பன்டைன் மரக்கட்டையை ஆப்பு வடிவில் வெட்டிக்கொண்டால் போதும். வண்டியை எவ்வளவு உயர்த்துவது என்பதை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்: பெல் ஹவுசிங்கின் முழு உயரமும் ஜெக்கின் உயரமும் சேர்ந்து, சேஸிக்கு அடியால் வெளியே வர வேண்டும்.

இனி கழற்றும் ஒழுங்கு. பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். உள்ளே தரைவிரிப்பையும் ரப்பர் உறைகளையும் நீக்கி, இரண்டு கியர் லீவர்களையும் கழற்றுங்கள். பெரிய லீவரின் மூடியைக் கீழே அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பினால் மேலே வந்துவிடும். திறந்த வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும், ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தாலும் பிறகு கியர்பொக்ஸையே பிரிக்க நேரிடும். கீழே கியர்பொக்ஸ், டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் இரண்டின் ஒயிலையும் வடித்துவிடுங்கள். முன், பின் புரொப்பலர் ஷாஃப்டுகளின் பிளேன்ஜ்களில் சென்டர் பஞ்ச்சால் எதிரெதிரே அடையாளம் அடித்துவிட்டுக் கழற்றுங்கள். மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரும். ஸ்பீடோமீற்றர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், நாலுசில்லு லைட் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார், சைலன்சரின் முன்குழாய் ஆகியவை அடுத்தடுத்து வரும். ஸ்லேவ் சிலிண்டரின் ஒயில் குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு போல்ட்டுகளை மட்டும் எடுத்து, சிலிண்டரைக் கம்பியால் சேஸியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரே நிபந்தனை: யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கெப்பின் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினின் அடி ஒயில் தொட்டியான சம்புக்கு அடியில் பலகை வைத்து ஒரு ஜெக் கொடுங்கள். கியர்பொக்ஸுக்கு அடியில் இன்னொன்று. பிறகுதான் குறுக்குச் சட்டத்தைக் கழற்றலாம். சட்டம் போனதும் வால்பக்கத்தை மெதுவாகச் சற்றுத் தாழ்த்துங்கள். அப்போது பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் நீண்ட எக்ஸ்டென்ஷனுக்குப் பின்பக்கமாக எட்டும். தாழ்த்தும்போது முன்னால் ஒருவர் நின்று, ரேடியேட்டர் உறையில் விசிறி முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு போல்ட்டுகளை எடுத்ததும், அதே துளைகளில் தலை வெட்டிய நீளமான போல்ட்டுகளைப் பக்கத்துக்கு ஒன்றாகத் திருகி வையுங்கள். கியர்பொக்ஸ் அந்த இரண்டு தண்டவாளங்களின் மேல் நேராகப் பின்னால் வரும், திரும்ப ஏற்றும்போதும் அவையே வழிகாட்டும். கியர்பொக்ஸின் பாரம் ஒரு கணம்கூட இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். கியர்பொக்ஸோடு டிரான்ஸ்ஃபர் பொக்ஸும் சேர்ந்து வருவதால் எடை ஒரு பக்கமாகச் சாயும். ஜெக்கில் பலகை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு பேர் மார்பில் ஏந்தி இறக்கிய கதைகளைப் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

வெலிமடை உருளைக்கிழங்கு எழுதியது:

இதோடு சேர்த்துக் கனரகக் கிளச் செட் ஒன்றைப் போட்டால் நல்லதல்லவா? நம் மலைகளில் பாரம் ஏற்றுகிறவர்களுக்குச் சாதாரணக் கிளச் தாக்குப்பிடிப்பதில்லை. சிலர் செம்புநிறப் பொத்தான் வைத்த பிளேட்டைப் போடச் சொல்கிறார்கள்.

கம்பளை லேத் எழுதியது:

போட வேண்டாம் என்பது என் எண்ணம். அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டைத் திறப்பதற்குக் காலும் கூடுதலாக அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் மாஸ்டர் சிலிண்டர், ஃபோர்க், எஞ்சின் கிராங்கின் திரஸ்ட் வாஷர் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. பொத்தான் பிளேட் சூட்டைத் தாங்கும், ஆனால் மெல்லப் பிடிக்காது, வெடுக்கென்று பிடிக்கும். இறம்பொடை வளைவுகளில் லொறிக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போது முழு வண்டியும் உதறும். ஒயில் சீல் கசிவால் வழுக்கிய வண்டிக்கு அதிக அழுத்தம் மருந்தாகாது.

நான் சொல்ல வந்தது பிளைவீலைப் பற்றி. புதுப் பிளேட்டை வாங்கி, பழைய பிளைவீலைத் துணியால் துடைத்துவிட்டு அப்படியே பூட்டுகிறவர்கள் அதிகம். பளபளப்பு மட்டும் இருந்தால் கரடுமுரடான எமரித் தாளால் குறுக்காகத் தேய்த்தால் போதும். நீலநிறத் திட்டுகள் இருந்தால் அந்த இடங்களில் இரும்பு சூட்டினால் கெட்டிப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். லேத் கத்தி அங்கே வரும்போது எகிறிப் போய்விடும், வெட்டிய பிறகும் அந்தத் திட்டுகள் மேடாகவே நிற்கும். ஆகவே கத்தியால் வெட்டுவதைவிட, சாணைக்கல் பூட்டிய இயந்திரத்தில் அரைத்து எடுப்பதே முறை. முடி போன்ற மேலோட்டமான வெடிப்புகள் அரைப்பில் போய்விடும். நகம் சிக்கும் அளவு ஆழமான வெடிப்பு இருந்தால், என்னிடம் கொண்டுவந்தாலும் நான் அரைத்துத் தர மாட்டேன், வேறு பிளைவீல் தேடச் சொல்வேன். பிளேட் உராயும் முகமும் பிரஷர் பிளேட் பூட்டும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் உள்ள பிளைவீல் என்றால், ஒன்றில் எவ்வளவு எடுக்கிறோமோ மற்றதிலும் அவ்வளவே எடுக்க வேண்டும். இதைச் செய்யாத பட்டறையில் கொடுத்தால் புதுக் கிளச் முதல் நாளே வழுக்கும்.

பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்துக் கொடுக்கும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. லைனிங் மட்டும் தேய்ந்து, நடுப்பகுதியின் பற்களும் ஸ்பிரிங்குகளும் உறுதியாக இருந்தால் அதில் பிழையில்லை. ரிவெட் தலை, லைனிங் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 0.3 மில்லிமீற்றர் உள்ளே இருக்க வேண்டும். பிளேட்டைச் சுழற்றினால் விளிம்பின் ஆட்டம் 0.8 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. ஆனால் ஒயிலில் ஊறிய பிளேட்டையும் ஸ்பிரிங் ஆடும் பிளேட்டையும் தூக்கி எறியுங்கள்.

கந்தப்பளை மரக்கறித்தோட்டம் எழுதியது:

ஐயா சொன்னதற்கு நன்றி. கியர்பொக்ஸ் கீழே வந்துவிட்டது. பிளேட்டின் எஞ்சின் பக்கம் முழுவதும் கறுப்பு ஒயில் பூசிக் கருகிக் கிடக்கிறது, மறுபக்கம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. பிளைவீலில் நீலத் திட்டுகள் உண்டு, நகம் சிக்கும் வெடிப்பு இல்லை. அரைக்க அனுப்புகிறேன். பைலட் பேரிங்கைக் கழற்றத் தகுந்த புல்லர் கைவசம் இல்லை. உள்ளே தூசியும் நிறைய இருக்கிறது, கம்ப்ரஸரால் ஊதிவிடலாமா?

பண்டாரவளைப் பட்டறை எழுதியது:

ஊதவே கூடாது. பழைய கிளச் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. நீங்கள் கழற்றியதில் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டி எறியுங்கள். மூக்கையும் வாயையும் நன்றாக மூடும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

பைலட் பேரிங்குக்குப் புல்லர் இல்லாவிட்டாலும் வழியுண்டு. பேரிங்கின் துளைக்குள் இறுக்கமாகப் போகும் ஒரு தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நனைத்துப் பிசைந்த பத்திரிகைத் தாளைத் துளைக்குள் அடைத்து, தண்டை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். மேலும் தாளை அடைத்து மேலும் அடிக்க, பின்னால் சேரும் தாள் பேரிங்கை வெளியே தள்ளிவிடும். சிலர் கிரீஸை அடைத்துச் செய்வார்கள். அது வேலை செய்தாலும், பிறகு துடைப்பது பெரிய தொல்லை. பிளேட் உராயும் முகத்தில் ஒரு துளி கிரீஸ் தங்கினாலும் மறுபடி வழுக்கலில் கொண்டுபோய் விடும்.

ஒயில் சீலை மாற்றும்போது கிராங்கின் பின்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் உராய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலின் உதடு அதே பள்ளத்தில் உட்காராதபடி ஒரு மில்லிமீற்றர் முன்னே பின்னே வைத்து அடியுங்கள். உதட்டில் சிறிது எஞ்சின் ஒயிலைத் தடவாமல் பூட்டினால், முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். எஞ்சினின் காற்றுப்போக்குக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, எந்தப் புதுச் சீலும் நிற்காது.

பூட்டும்போது: பிளைவீல் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பிளேட்டின் ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பொக்ஸை நோக்க வேண்டும். பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தப் பழைய இன்புட் ஷாஃப்ட் கிடைத்தால் பேறு. இல்லாவிட்டால் கம்பளை ஐயாவிடம் அளவு கொடுத்து, மரத்திலோ நைலோனிலோ ஒன்றைக் கடைந்துகொள்ளலாம். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, முடிவில் 19 நியூட்டன் மீற்றரில் நிறுத்துங்கள். இன்புட் ஷாஃப்டின் பற்களுக்கு மெல்லிய கிரீஸ்பூச்சு போதும், மிகுந்தால் சுழற்சியில் பிளேட்டில் தெறிக்கும்.

கந்தப்பளை மரக்கறித்தோட்டம் எழுதியது:

பிளைவீல் அரைத்து வந்து, எல்லாவற்றையும் பூட்டியாகிவிட்டது. இப்போது கியர்பொக்ஸை ஏற்றும்போது, எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையில் ஒரு விரல்கடை இடைவெளி அப்படியே நிற்கிறது. மச்சான் போல்ட்டைப் போட்டு இறுக்கினால் உள்ளே இழுத்துவிடும் என்கிறார். செய்யலாமா?

பண்டாரவளைப் பட்டறை எழுதியது:

வேண்டாம், உடனே நிறுத்துங்கள். போல்ட்டால் இழுத்தால் பெல் ஹவுசிங்கின் காது உடையும், அல்லது பைலட் பேரிங் நொறுங்கும். ஏதோ ஒன்று நேராக இல்லை என்பதே அந்த இடைவெளிக்குக் காரணம். டோர்ச் அடித்து, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் எஞ்சினின் சாய்வும் கியர்பொக்ஸின் சாய்வும் ஒத்துப்போகவில்லை. சம்புக்கு அடியில் உள்ள ஜெக்கைச் சற்று ஏற்றியோ இறக்கியோ அதைச் சரிசெய்யுங்கள். நான்காம் கியரில் போட்டு, டிரான்ஸ்ஃபர் பொக்ஸையும் ஹையில் வைத்து, பின் பிளேன்ஜைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே முன்னே தள்ளுங்கள். பற்கள் பொருந்தியதும் தானாகவே சறுக்கி வந்து உட்காரும். ரிலீஸ் ஃபோர்க் அதன் உருண்டையிலிருந்து விலகியிருக்கிறதா என்பதையும் பக்கத்துச் சாளரத்தால் பார்த்துவிடுங்கள்.

கந்தப்பளை மரக்கறித்தோட்டம் எழுதியது:

மேலே அகலமாகத்தான் இருந்தது. எஞ்சின் ஜெக்கைச் சிறிது இறக்கிப் பிளேன்ஜைத் திருப்பியதும் டப்பென்று உட்கார்ந்துவிட்டது. மச்சானுக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. எல்லாம் பூட்டி, இரண்டு பொக்ஸுக்கும் நிரப்பும் துளையில் வழியும்வரை கியர் ஒயில் ஊற்றி, ஸ்லேவ் சிலிண்டர் ரப்பரும் மாற்றிக் காற்றெடுத்து ஓட்டிப் பார்த்தேன். வழுக்கல் இல்லை. பெடல்தான் முன்பைவிடச் சற்றுக் கீழே பிடிக்கிறது. இனிப் பாரம் ஏற்றலாமா?

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

பாரத்தைச் சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பிளேட்டும் அரைத்த பிளைவீலும் ஒன்றோடொன்று முழு முகமும் பதியும்வரை, ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்திக் கிளப்புவதைத் தவிர்ப்பது நல்லது.

நீங்கள் யாரும் இதுவரை தொடாத விடயம் ஒன்றுண்டு. எங்கள் வீட்டு எல்என் 106ஐ நான் தினமும் தோட்டப் பாதையில் ஓட்டுவதால் சொல்கிறேன். உங்கள் வண்டியில் கையால் திருப்பும் ஹப் இருக்கிறது. அதை ஃப்ரீயில் விட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை எல் 4இல் (நாலுசில்லுக் குறைந்த கியர்) போட்டால், முன் சில்லுகள் இழுவையில் சேராமல் பின் சில்லுகளுக்கு மட்டும் குறைந்த கியர் கிடைக்கிறது. அந்தக் குறைப்பு 2.28 மடங்கு. பாரத்தோடு மேட்டு வாசலுக்குப் பின்பக்கமாக ஏற்றும்போது, அரைக் கிளச்சில் தொங்கிக்கொண்டிருக்கத் தேவையே இராது. பெடலை முழுதாக விட்டுவிட்டு ஆமை வேகத்தில் ஏற்றலாம். தார் வீதியில் ஹப்பைப் பூட்டிக்கொண்டு எல் 4இல் திரும்பினால் முன்னும் பின்னும் முறுக்கேறும். ஹப் ஃப்ரீயாக இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. முழுப் பாரமும் பின் அச்சின் மேல் விழும் என்பதால் எக்ஸலேட்டரை மென்மையாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வண்டிகளின் கிளச்சை நம் ஊரில் கொல்வது பாரமான ஏற்றம் அல்ல, ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் இழுக்கச் சோம்பல்பட்டு, கிளச்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம்தான் என்பது என் துணிபு. கராஜ்காரர்கள் இதை வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

பண்டாரவளைப் பட்டறை எழுதியது:

டீச்சர் சொன்ன எல் 4 வழியை நானும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதுண்டு, கேட்பவர்கள் குறைவு. முகத்துக்கு நேரேயும் சொல்வதுண்டு டீச்சர், அதற்குப் பிறகு அவர்கள் வேறு கராஜுக்குப் போய்விடுகிறார்கள்.

தம்பி, பெடல் கீழே பிடிப்பது பெரும்பாலும் மிச்சக் காற்று. நிப்பிளுக்கு ஒளிபுகும் குழாயைப் போட்டு, மறுமுனை பிரேக் ஒயிலில் மூழ்கியிருக்க, குமிழி நிற்கும்வரை மறுபடி எடுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின்பும் கீழே பிடித்தால் புஷ் ரொட்டின் நட்டைத் தளர்த்தி, பெடலின் தளர்வை 5 முதல் 15 மில்லிமீற்றருக்குள் கொண்டுவாருங்கள். பாரம் ஏற்றத் தொடங்குமுன் புரொப்பலர் ஷாஃப்ட் நட்டுகளையும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளையும் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள், பெல் ஹவுசிங் துவாரத்திலும் விரலை விட்டுப் பாருங்கள்.

கந்தப்பளை மரக்கறித்தோட்டம் எழுதியது:

நிப்பிள் மேலேதான் இருக்கிறது. மறுபடி காற்றெடுத்ததும் பெடல் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. துவாரம் காய்ந்தே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி. பிரேக் ஒயில் டின்னில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது, அடுத்த தேவைக்கு எடுத்து வைக்கலாமா?

அட்டன் லேண்ட்ரோவர் எழுதியது:

வைக்க வேண்டாம். டொட் 3 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நுவரெலியாப் பக்கத்துக் காற்றில் அதற்குக் குறைவே இல்லை. முன் பிரேக்கின் பழைய ஒயிலை இதே கையோடு வடித்துவிட்டு, மிச்சத்தை அதற்கு ஊற்றிவிடுங்கள்.